மஞ்சள் வைக்க இடம்

தென்காசியிலிருந்து வடகரை போகும் பஸ் கிளம்பவில்லை. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"எக்கா, ஒண்ணும் இல்லாததுதான் அழகாம். எம் மவ தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே டிசைன் பண்ணி, நாலு மூலையையும் சும்மா விட்டுட்டா."

"பூ, மயிலு எதுவுமில்லாமலா?"

"கேட்டா, 'அது வெற்றிடம்மா, அப்பதான் பேரு எடுப்பாத் தெரியும்'ங்கா. கஞ்சத்தனம்னு நினைப்பாவளேன்னு பயந்துக்கிட்டே மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோனேன்."

"என்ன சொன்னாவ?"

"சம்பந்தியம்மா நாலு மூலையிலயும் மஞ்சளைத் தடவுனாவ. 'எங்க பத்திரிகையில இதுக்கு இடமே இல்ல மதினி. உங்க மவ சாமிக்கு இடம் விட்டுருக்கா'ன்னாவ. எனக்கு அழுகையே வந்துட்டு."

"அதுக்கு ஏன்ட்டி அழுத?"

"அப்பதான மூச்சே வந்துச்சு!"

பஸ் கிளம்பியது. கோபுரம் தெரிந்ததும் அந்தக் கல்யாணப் பெண்ணுக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டேன்.