பத்து நாள் பாலும் இரண்டு நாள் தண்ணீரும்

அவைத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஜனாப் மக்கீன் அவர்களே! புதிய பாடசாலைக்கு நிலமும் தந்து நெஞ்சமும் தந்திருக்கும் வெள்ளவத்தைப் பெரியோர்களே! அடுப்பில் வைத்ததை அப்படியே இறக்கிவிட்டு அவசரமாய் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் அன்னையரே! இருக்கை கிடைக்காவிட்டாலும் சுவரோரம் நின்று செவிகொடுக்கும் மாணவியரே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம், என் ஸலாம், என் தோத்திரம்.

என் பெயர் கௌரி. கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆறு வருடங்களாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். விஞ்ஞானத்தை எப்படிப் படிப்பிக்க வேண்டும் என்று பேசும்படி என்னை அழைத்தீர்கள். எப்படிப் படிப்பிக்கக் கூடாது என்பதை நான் நன்றாக அறிவேன். அறிவேன், ஏனென்றால் அதைச் செய்தவளே நான்தான்!

சிரியுங்கள், ஐயா, சிரியுங்கள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்ற வருடம் வைகாசி மாதம். எங்கள் விடுதிக்குப் பால் கொடுத்தவர் றேமண்ட் என்பவர். அவரிடம் மூன்று பசுக்கள். விடியுமுன் கறந்து, கறந்த சூடு ஆறுமுன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆறு மணிக்கெல்லாம் விடுதி வாசலில் நிற்பார். அக்கம்பக்கத்தில் ஒன்பது வீடுகளுக்கும் அவருடைய பால்தான்.

விடுதியை நடத்தும் மிஸஸ் றொபேட் ஒருநாள் என்னிடம், "மிஸ் கௌரி, பால் தண்ணியாத்தான் இருக்கு. உங்கட சயன்ஸ் இதுக்கு ஒண்டும் சொல்லாதா?" என்று கேட்டார். சொல்லாதா? சொல்லும் என்றேன். என் அலுமாரியில் ஒரு பால்மானி இருந்தது. கண்ணாடிக் குழாய், பாலில் விட்டால் நிமிர்ந்து மிதக்கும். கனத்த பாலில் உயர்ந்து நிற்கும், தண்ணீர் கலந்த பாலில் தாழ்ந்து போகும். இருபத்தெட்டுக்குக் கீழே இறங்கினால் தண்ணீர் கலந்தது என்று அது வந்த பெட்டிக்குள் இருந்த தாளில் எழுதியிருந்தது.

என் வகுப்பில் லுத்பியா என்றொரு மாணவி. பதின்மூன்று வயது. அளவுகளைக் கொப்பியில் எழுத அவளைப் பணித்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு, வாளியிலிருந்து நேரே ஊற்றி, அளந்து, எழுதினோம். முதல் நாள் இருபத்தாறு. இரண்டாம் நாள் இருபத்தாறு. பத்து நாளும் இருபத்தாறு!

பத்தாம் நாள் என்ன செய்தேன் தெரியுமா? றேமண்டை வகுப்புக்குள் வரவழைத்தேன். முப்பது மாணவிகளுக்கு முன்னால் அவருடைய பாலை அளந்து காட்டினேன். "பாருங்கள் பிள்ளைகளே, விஞ்ஞானம் கள்ளனைப் பிடிக்கும் விதத்தை!" என்றேன்.

அவர் வாசற்படியில் நின்றபடியே சொன்னார்: "மிஸ், அந்தோனியார் மேல ஆணை. நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல்ல."

"கண்ணாடி பொய் சொல்லாது" என்றேன் நான்.

மிஸஸ் றொபேட் எச்சரித்து அனுப்பினார். பதினோராம் நாள் அளந்தோம். இருபத்திரண்டு! பன்னிரண்டாம் நாளும் இருபத்திரண்டு! "ஆளுக்குப் பயம் விட்டுப்போய்விட்டது" என்றேன். அன்றோடு விடுதியில் பாலை நிறுத்தினார்கள். செய்தி தெருவுக்குப் போனது. ஒரு வாரத்துக்குள் ஒன்பது வீடுகளும் நிறுத்தின. ஒரு பசுவை அவர் விற்றார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

வகுப்பில் வெற்றி முழக்கம். அந்த முழக்கத்தின் நடுவே லுத்பியா எழுந்தாள்.

"டீச்சர், தண்ணி கலக்காத பால்ல இது எத்தின காட்டும்?"

"இருபத்தெட்டுக்கு மேலே."

"அது தாள்ல இருக்குது. நீங்க பாத்தீங்களா?"

அன்பர்களே, நான் பார்க்கவில்லை. பட்டம் பெற்றவள் பார்க்கவில்லை. பாடம் நடத்துபவள் பார்க்கவில்லை. பத்து நாள் அளந்தேன், பன்னிரண்டு நாள் அளந்தேன், குற்றமற்ற பாலை ஒருநாள்கூட அளந்து பார்க்கவில்லை! எதோடு ஒப்பிட்டு அந்த மனிதரைக் குறைவு என்றேன்? ஒரு தாளோடு.

லுத்பியாவின் மாமாவுக்குத் தெமட்டகொடையில் ஒரு பசு உண்டு. அடுத்த சனிக்கிழமை நாங்கள் ஆறு பேர் போனோம். எங்கள் கண்முன்னே கறந்தார்கள். எங்கள் கையாலேயே சாடியில் ஊற்றினோம். பால்மானியை விட்டோம்.

இருபத்தாறு.

நான் அந்தக் குழாயைத் தூக்கித் துடைத்துப் பார்த்தேன். அதன் கழுத்தில், கடுகளவு எழுத்தில், அறுபது பாகை பாரன்ஹீட் வெப்பத்தில் அளக்க வேண்டும் என்று பொறித்திருந்தது. அதை நான் முன்பே வாசித்தவள்தான். அது சீமைக்காரருக்கு எழுதியது என்று விட்டுவிட்டேன்.

இங்கேதான், பெற்றோர்களே, பரிசோதனை தொடங்கியது. பிள்ளைகள் ஊகித்தார்கள். ஒருத்தி புல் என்றாள், ஒருத்தி சாடி என்றாள், ஒருத்தி சூடு என்றாள். எல்லாவற்றையும் ஒன்றாய் மாற்றினால் எது காரணம் என்று எப்படித் தெரியும்? ஆகவே ஒன்றை மட்டும் மாற்றினோம், மற்றவற்றைத் தொடவில்லை. சாடியை மாற்றினோம், இருபத்தாறு. பிறகு அதே பாலை, அதே சாடியில், ஐஸில் வைத்தோம்...

என்ன கேட்கிறீர்கள் அம்மா? ஐஸ் எங்கே கிடைத்ததா? கொச்சிக்கடையில் மீன் விற்கிறவரிடம். பால் முழுக்க மீன் மணம். குடிக்கவா வாங்கினோம்?

வெப்பமானி அறுபது பாகையைக் காட்டியது. பால்மானி எழுந்தது. இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது! திரும்பச் சூடாக்கினோம்; திரும்ப இருபத்தாறு. திரும்பக் குளிர வைத்தோம், திரும்ப இருபத்தொன்பது. குளிர்ந்தால் ஏறியது, கொதித்தா இறங்கியது? இல்லை, கறந்த சூடே போதும், மூன்று இலக்கம் இறக்க! கறந்த சூட்டோடு கொண்டுவந்த நல்ல பாலைத்தான் நாங்கள் கள்ளப் பால் என்றோம்.

பிள்ளைகளில் சிலர் அழுதார்கள். "இப்பவே போய் மன்னிப்புக் கேப்பம் டீச்சர்" என்றார்கள். நானும் புறப்பட்டேன். லுத்பியா மட்டும் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், கடைசி ரெண்டு நாளும் இருபத்திரண்டு. மூணைக் கூட்டினாலும் இருபத்தஞ்சுதான்."

ஆம். பத்து நாள் பால் சுத்தம். இரண்டு நாள் பாலில் தண்ணீர்.

"அதைச் சொல்லாமல் விடுவம்" என்றார்கள் மற்றவர்கள். "பாவம், அவருக்கு நடந்தது போதும்." என் மனமும் அந்தப் பக்கமே சாய்ந்தது. நான் செய்த பிழைக்கு அது ஈடாகும் என்று எண்ணினேன்.

லுத்பியா சொன்னாள்: "ரெண்டு நாளை எடுத்துட்டா, நாங்களும் தண்ணி ஊத்தின மாதிரித்தானே?"

போனோம். றேமண்ட் தொழுவத்தில் இருந்தார். இரண்டு பசுக்கள்தான் நின்றன. நான் நின்றபடியே சொன்னேன்: "பிழை என்னுடையது. பத்து நாளும் நீங்கள் தந்தது நல்ல பால். வகுப்பில் நான் உங்களைக் கள்ளன் என்றது பொய். ஆனால் கடைசி இரண்டு நாளும்..." லுத்பியா கொப்பியை நீட்டினாள்.

அவர் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓம் மிஸ். அந்த ரெண்டு நாளும் ஊத்தினன்தான். ஊத்தாத நாளெல்லாம் ஊத்தினன் எண்டு சொன்னீங்க. இனி ஊத்தினா என்ன, ஊத்தாட்டி என்ன எண்டு நெனச்சன்."

பின்வரிசையில் ஒருவர், "அப்ப அவர் கள்ளன்தானே?" என்கிறார். நல்ல கேள்வி, ஐயா. இரண்டு நாள் தண்ணீர் ஊற்றியவர். அதற்கு மேல் சொல்ல என்னிடம் அளவு இல்லை. என்னைப் பற்றி ஏன் கேட்கவில்லை? ஒரு மனிதர் செய்யாத குற்றத்தை முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் அவர்மேல் சுமத்தியவள் நான். அதுவும் கொப்பியில் இருக்கிறது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் பன்னிரண்டு நாளையும் வரிசையாக வாசித்தேன். என் பெயரையும் சேர்த்து வாசித்தேன். பிறகு அந்த ஒன்பது வீடுகளுக்கும் பிள்ளைகள் சாடியும் ஐஸும் கொண்டு போனார்கள். றேமண்டும் கூடவே வந்தார். ஒவ்வொரு வாசலிலும் அவர் கையாலேயே பால்மானியை விட்டார். "ரெண்டு நாள் ஊத்தினன், இனி ஊத்தமாட்டன்" என்று அவரே சொன்னார். ஐந்து வீட்டார் திரும்பவும் பால் எடுத்தார்கள். நான்கு வீட்டார் எடுக்கவில்லை. மிஸஸ் றொபேட் அவரைத் திரும்பவும் விடுதிக்கு அழைத்தார். "அந்த வாசலுக்கு மட்டும் வேணாம் மிஸ்" என்று றேமண்ட் என்னிடம் சொல்லிவிட்டார். விற்ற பசு விற்றதுதான்.

பெரியோர்களே, இதில் வெற்றி எங்கே இருக்கிறது என்று நீங்கள் தேடலாம். நான் தேடவில்லை. நடந்ததை நடந்தபடி வைக்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் மகள்மாருக்கு நாங்கள் எதைக் கொடுக்கப் போகிறோம்? மனனம் செய்த விடையையா? மதிப்பெண் நிறைந்த தாளையா? அவை எல்லாம் என்னிடமும் இருந்தன. இருந்தும் ஒரு மனிதரைக் கெடுத்தேன்! கேட்கத் தெரிய வேண்டும் அவர்களுக்கு. ஒப்பிடத் தெரிய வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே நிறுத்திப் பார்க்கத் தெரிய வேண்டும். தமக்குப் பிடித்த முடிவுக்கு எதிராக இரண்டு நாள் நின்றால், அந்த இரண்டு நாளையும் எழுதத் தெரிய வேண்டும்! எழுதிவிட்டு, பிழை செய்தவர் ஆசிரியையே ஆனாலும், அவர் முகத்தைப் பார்த்து, "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்கும் துணிவு வேண்டும்! அப்படிக் கேட்கும் பிள்ளையை உட்கார் என்று அதட்டாத அறை ஒன்று வேண்டும். அந்த அறையைக் கட்டுங்கள். தண்ணீர்க் குழாய் ஒன்று, மேசை ஆறு, வெப்பமானி ஒன்று. அதற்கு மேல் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

நான் இழைத்த பிழையை இவ்வளவு பொறுமையாய்க் கேட்ட அவையோரே, பேச நேரம் தந்த தலைவரே, கேள்வி கேட்ட ஐயாவே, ஐஸைக் கேட்ட அம்மாவே, எல்லோருக்கும் நன்றி. நலமாய் வீடு சேருங்கள். வணக்கம்.