பாதிப்பு ஏதும் இல்லை

அம்பத்தூர்ப் பக்கம் மழை விட்ட பிறகு சில நாளைக்குக் குழாய்த் தண்ணீர் கலங்கலாகத்தான் வரும். உங்கள் ஸ்டேஷன் பானைத் தண்ணீரிலும் லேசாக மண்வாடை அடிக்கிறது. காய்ச்சிக் குடியுங்கள், இன்ஸ்பெக்டர். இந்த வட்டாரத்தில் யாருக்கு மஞ்சள் காமாலை வந்தாலும் முதலில் தண்ணீரைத்தான் குறை சொல்வார்கள். அந்த வழக்கம் எனக்கு நிரம்ப உதவியாக இருந்தது.

நீங்கள் கூப்பிட்டதும் வந்துவிட்டேன். வக்கீல் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். இ.எஸ்.ஐ. டாக்டர் நாகவல்லி எழுதிக் கொடுத்த புகாரைப் படித்துக் காட்டினீர்கள். அதில் ஒரு சொல்லைத் தவிர வேறு எதையும் நான் மறுக்கப் போவதில்லை. 'அஜாக்கிரதை' என்று எழுதியிருக்கிறார். என்னோடு வேலை பார்த்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சண்முகசுந்தரம் கடுமையானவன் என்பார்கள், வாயைத் திறந்து சிரிக்காதவன் என்பார்கள். அஜாக்கிரதைக்காரன் என்று எவனும் சொல்ல மாட்டான். அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். மீதியை நானே சொல்கிறேன்.

நான் மேனேஜராக இருக்கும் ஆலையில் ஃப்ரிட்ஜுக்கு வேண்டிய சின்ன உலோகப் பாகங்கள் செய்கிறோம். லேத்திலிருந்து வரும் பாகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதைப் போக்குவதற்கென்று ஒரு தனி அறை. நடுவில் ஆளுயரத் தொட்டி. அடியில் திரவம் சூடாகி ஆவி எழும்பும். கம்பிக் கூடையில் பாகங்களை வைத்து இறக்கி எடுத்தால் பளிச்சென்று வந்துவிடும். முன்பெல்லாம் ஊற்றிய திரவம் ரொம்ப சாது. வேலை முடிந்ததும் பெண்கள் அதிலேயே கையைக் கழுவிக்கொண்டு போவார்கள். ஆனால் அது மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கிறதென்று கண்டுபிடித்தார்கள். நம் நாடும் உலக ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. பழைய திரவத்தை விட்டுவிட்டு மாற்றுப் பொருளுக்கு வர வேண்டும் என்றார்கள்.

மாற்று என்றால் எதையாவது வாங்கி ஊற்றிவிட முடியாது. தொடங்குமுன் தில்லிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். என்ன பொருள், எரியுமா, விஷமா, ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள், எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டும். அதன் பிறகும் அரை வருஷத்துக்கு ஒருமுறை நிலவரம் தெரிவிக்க வேண்டும். தொழிற்பேட்டையில் மற்ற ஆலைக்காரர்கள் இதைப் பார்த்து மிரண்டார்கள். நான் உட்கார்ந்து எழுதினேன். என் அறிக்கையைத்தான் மற்றவர்களுக்கு மாதிரியாக அனுப்பினார்கள். முதலாளி ஜம்புலிங்கம் அதுவரை என் பெயரைக்கூடச் சரியாகச் சொன்னதில்லை. அன்று எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டார்.

அரையாண்டு அறிக்கையில் ஒரு கேள்வி உண்டு. மாற்றுப் பொருளால் ஊழியர் எவருக்காவது உடல்நலப் பாதிப்பு ஏற்பட்டதா? முதல் தடவை 'ஏதும் இல்லை' என்று எழுதினேன். எழுதியபோது அது முழு உண்மை. அதை உண்மையாகவே வைத்திருப்பது என் பொறுப்பு என்று நினைத்தேன். பொறுப்பை ஏற்றுக்கொள்கிறவனை இந்த நாட்டில் யாருக்கும் பிடிப்பதில்லை.

புதுத் திரவத்தோடு பம்பாய்க் கம்பெனி ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தது. ஆவி வெளியே போக மின்விசிறி ஓட வேண்டும், அதிகம் சுவாசித்தால் கல்லீரல் கெடும், ஒருமுறை கெட்டவர் தேறினாலும் மறுபடி இதன் கிட்டேயே போகக்கூடாது, போனால் உயிருக்கு ஆபத்து. படித்தேன். விற்கிறவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆயிரம் எழுதுவான் என்று நினைத்தேன். நம்பவில்லை.

முதலில் வனஜாவுக்குத்தான் கண் மஞ்சளானது. வேலப்பன்சாவடியிலிருந்து தொட்டி அறை வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண். ஒப்பந்தக்காரர் மூலமாக வந்தவள், அதனால் அறிக்கையின்படி ஊழியர் கணக்கில் வரமாட்டாள். தேறியதும் வா என்று சொல்லி அன்றே நிறுத்திவிட்டேன். தண்ணீர்தான் காரணம் என்று நான் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவளே சொன்னாள். வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், தேறிவிட்டாள். திரும்பி வந்து வேலை கேட்டாள். கொடுத்தேன். அந்த வாரக் கடைசியில் வாந்தியெடுத்து விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது நினைவில்லை. பிறகு திரும்பவும் இல்லை.

வனஜா விஷயத்தில் என்னிடம் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அவளுக்குப் பிறகுதான் பம்பாய்க்காரன் எழுதியதை நம்பினேன்.

அடுத்து இன்னும் இரண்டு பெண்களுக்கு வந்தது. அவர்களையும் நிறுத்தினேன். அதோடு விடவில்லை. கேன்டீன் கிணற்றை மூடினேன். லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தேன். கோவில்பதாகையிலிருந்து நிறையப் பேர் வேலைக்கு வந்ததால் அங்கே ஒரு கைப்பம்பில் கிருமி இருப்பதாக நகராட்சிக்கு எழுதிப் போட்டு அதையும் பூட்ட வைத்தேன். அந்தத் தெருப் பெண்கள் கோடை முழுக்கக் குடத்தோடு ரயில்வே லைனைத் தாண்டி நடந்தார்கள். எனக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம்கூட வந்தது.

உத்தமன் மட்டும் நம்பவில்லை.

அவன் தொட்டி அறைக்கு ஃபோர்மேன். கோவில்பதாகையில் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப் போன பிறகு எங்களிடம் வந்தவன். பெண்கள் அவனை அண்ணாத்தே என்பார்கள். நான் உள்ளே நுழைந்தால் நின்றுபோகிற பேச்சு, அவன் நுழைந்தால் தொடங்கும். எனக்கு அவனைப் பிடிக்காது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அது காரணம் அல்ல. பிடிக்காதவர்களையெல்லாம் நான் ஒன்றும் செய்துவிடவில்லை.

அவனுக்கும் கண் மஞ்சளானது. நிரந்தர ஊழியன், ஒப்பந்தக்காரர் மூலம் நிறுத்த முடியாது. நீண்ட விடுப்பு கொடுத்தேன். தேறிய பிறகு நேராக என் அறைக்கு வந்தான். உட்காரச் சொல்லவில்லை, தானாக உட்கார்ந்தான்.

"தண்ணி இல்ல சார் இது," என்றான். "எல்லாந்தான் அதே தண்ணிய குடிக்குது. லேத்துல கீறவனுக்கு இன்னா ஆச்சு? கேன்டீன்காரனுக்கு இன்னா ஆச்சு? எங்க ரூம்ல கீறவங்களுக்குத்தான் கண்ணு மஞ்சளாவுது. அந்தப் புது மருந்துதான் சார்."

யோசிக்கலாம் என்றேன்.

"நீங்க யோசிச்சிகினு இருங்க. தில்லிலேர்ந்து ஆபீசர் வராராமே, அவராண்ட நான் சொல்லிடறேன். வனஜா செத்ததயும் சேத்துத்தான் சொல்லுவேன்."

குரலை உயர்த்தவில்லை. மரியாதையாகத்தான் பேசினான். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. கத்தியிருந்தால் ஒழுங்கு நடவடிக்கை எடுத்து அனுப்பியிருப்பேன், இன்றைக்கு உயிரோடு இருப்பான்.

மறுநாள் காலையில் கோவில்பதாகைக்குப் போனேன். அவன் மனைவி பார்வதம் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உத்தமனிடம், நீ சொன்னதுதான் சரி என்றேன். அந்தத் திரவத்தை அடியோடு நிறுத்தப் போகிறேன், ஆபீசர் வருமுன் தொட்டியைக் காலி செய்து உள்ளே படிந்திருக்கும் கசடு முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும், பெண்களை அனுப்ப எனக்குப் பயமாக இருக்கிறது, தெரியாத ஆட்களை விட்டால் அரைகுறையாகச் செய்வார்கள் என்றேன். நீ இறங்கு என்று சொல்லவே இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவன் கண் கலங்கிவிட்டது. "நேத்து உங்கள தப்பா பேசிட்டேன் சார், மனசுல வெச்சுக்காதீங்க," என்றான். "பொண்ணுங்க வாணாம். நானே எறங்கறேன்."

பார்வதம் மட்டும், இப்போதுதானே உடம்பு தேறியிருக்கிறது என்று இழுத்தாள். அவன்தான் அவளை அடக்கினான்.

தொட்டியைக் காலி செய்தாலும் கசடில் திரவம் ஊறிக் கிடக்கும். கிளறக் கிளற ஆவி வந்துகொண்டே இருக்கும். காற்றைவிடக் கனமான ஆவி, அடியிலேயே தங்கும். மின்விசிறியைப் பழுதுபார்க்கக் கழற்றச் சொல்லியிருந்தேன். உத்தமன் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து சுரண்டினான். நடுநடுவே மேலே வந்து சுவரில் சாய்ந்துகொள்வான். அப்படி ஒருமுறை நான் மோர் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி இறங்கினான். வேலை முடியும் வரை தினமும் வந்தான். இவ்வளவு சுத்தமாக அந்தத் தொட்டியை யாரும் வைத்ததில்லை.

ஆபீசர் வந்தபோது உத்தமன் ஆஸ்பத்திரியில் இருந்தான். பேச்சு குழறிப்போய், ஆளைத் தெரியாமல் கிடந்ததாகச் சொன்னார்கள். ஆபீசர் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஆலையில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். தண்ணீர்ப் பிரச்சினையைச் சொன்னேன். நாங்கள் எடுத்த நடவடிக்கைகளைக் கேட்டு, மற்றவர்களும் இப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். அவர் கிளம்பிய மறுநாளே அதே திரவத்தைத் தொட்டியில் நிரப்பினோம். உத்தமனை எரித்ததும் அன்றுதான்.

டாக்டர் நாகவல்லி எனக்கு ஃபோன் செய்தது அதற்குப் பிறகு. உத்தமன் ரத்தத்தில் காமாலைக் கிருமி எதுவும் இல்லை, உங்கள் ஆலையில் என்ன ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார். எழுத்தில் கேளுங்கள் என்றேன். அவருடைய வேலை மாத்திரை கொடுப்பது என்றும் சொன்னேன். எழுத்தில் கேட்டார், ஆனால் உங்களிடம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என்னை நீங்கள் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது, இன்ஸ்பெக்டர் உலகநாதன். உங்கள் கான்ஸ்டபிள் எழுதுவதைக்கூட நிறுத்திவிட்டார். நான் கொலைகாரனா என்றால், உத்தமன் விஷயத்தில் ஆமாம். தெரிந்துதான் செய்தேன். எப்படிச் சாவான், சுமாராக எப்போது சாவான் என்பதும் தெரியும். ஆனால் கொடுமைக்காரன் என்று எழுதாதீர்கள். பார்வதத்தைக் கேட்டுப் பாருங்கள்.

காரியம் முடிந்த பிறகு அவள் ஆலைக்கு வந்தாள். அழவில்லை. "அவரு பாத்த ரூம்லயே எனக்கு ஒரு வேல குடுங்க சார். எப்படியோ பொழச்சிக்கிறேன்," என்றாள். முதலாளி தயங்கினார். அவளுக்காகப் பேசியது நான் ஒருவன்தான். ஒப்பந்தக்காரரிடம் சொல்லிக் கூடை இறக்குகிற வேலையை வாங்கிக் கொடுத்தேன். காலில் விழ வந்தாள், தடுத்துவிட்டேன்.

போன மாதம் அவளுக்கும் கண் மஞ்சளானது. உடனே வீட்டுக்கு அனுப்பி ஓய்வெடுக்கச் சொன்னேன். பழம்கூட வாங்கி அனுப்பினேன். நேற்றுச் சாயங்காலம் கேட்டில் எனக்காகக் காத்திருந்தாள். கண் நன்றாகத் தெளிந்திருந்தது. காலை ஷிஃப்டுக்கு வரட்டுமா சார் என்று கேட்டாள். புருஷனை இழந்தவள், வேறு போக்கிடம் இல்லாதவள். இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரச் சொல்லிவிட்டேன்.