இடது காதுக்கு வராத கிடார்

“கத்தறதுக்கு முன்னாடி பாடறவன் மூச்சு இழுக்கறான் பாரு மச்சான், அதுகூடக் கேக்குது!”

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ். என் முன் சீட்டில், ஒரே படகில் மீன் பிடிக்கும் இருவர். ஜன்னலோரத்தில் இருந்தவர் தன் ஹெட்போனை மற்றவர் தலையில் மாட்டியிருந்தார். போனில், நுணுக்கமான ஒலியும் கேட்கும் ஹை-ரெஸ் ஆடியோவில், ஒரு பழைய த்ராஷ் மெட்டல் ராக் ஆல்பம்.

“மூச்சு கேக்குது. ஆனா ஒத்த கிடார வெச்சா இந்த ஆட்டம் ஆடறானுங்க?”

“ரெண்டு கிடார்டா. இடது காதுல ஒருத்தன், வலது காதுல ஒருத்தன்.”

“கத வுடாத. உன் ஹெட்போன்ல இடது பக்கம் அவுட்டு.”

ஜன்னலோரத்து ஆள் வாங்கிக் கேட்டார். “நல்லாத்தான் கீது. இடம் வலம் மாத்தி மாட்டு.”

மாற்றி மாட்டியவர் சிரித்தார். “ஐய, இவன் வேற மாரி வாசிக்கிறான்டா! மொதல்ல இருந்தவன் எங்க போனான்?”

“படகுல இன்ஜின் உனக்கு எந்தப் பக்கம்?”

“இடது பக்கம்...” அவர் கை இடது காதுக்குப் போனது.

“அந்தச் சத்தந்தான் உன் காத வாங்கிடுச்சு. நாளையிலருந்து இன்ஜின நான் புடிக்கிறேன். நீ முன்னால போயி வலையப் பாரு. இப்ப எறங்குனதும் டாக்டராண்ட போலாம்.”

“போலாம். இரு, ரெண்டு கிடார்காரனையும் ஒவ்வொருத்தனா கேட்டு முடிச்சிக்கிறேன்.”

ஹெட்போனை மறுபடி திருப்பி மாட்டிக்கொண்டார்.