மாப்பிள்ளைக்குத் தனிக் கலவை

எனக்குக் கைராசி உண்டு என்பார்கள், சார். நான் விற்பது ஆண்மைக்கான மூலிகைக் காப்ஸ்யூல். டப்பாவில் பச்சை இலைப் படமும் ‘பக்கவிளைவு இல்லாதது’ என்ற வரியும் இருக்கும். வெறும் மூலிகையை மட்டும் விற்றால் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால் பொடியோடு கொஞ்சம் ஸ்டீராய்டு கலப்பேன். சாப்பிட்டவருக்குச் சீக்கிரமே தோள் திமிறும். கண் மஞ்சளானால் நிறுத்தச் சொல்லிவிடுவேன். வாடிக்கையாளரைச் சாகவிட நான் என்ன முட்டாளா?

அப்பா அம்மா போன பிறகு தங்கையை நான்தான் வளர்த்தேன். கல்யாணமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. மாப்பிள்ளை லாரி மெக்கானிக். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். "மச்சான் சரக்கு அவ்வளவு நல்லதுன்னா, அவருக்கு ஏன் இன்னும் பொண்ணு அமையல?" என்று கடையில் நாலு பேர் முன்னால் கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதைக்கூட மறந்திருப்பேன். வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, அவளையும் கூட்டிப் போகிறேன் என்றார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அவருக்கான பொடியைத் தனியாக, தாராளமாகக் கலந்தேன். "உன் கையால அடைச்சுக் குடும்மா, அப்பதான் பலிக்கும்" என்று தங்கையிடம் கொடுத்தேன். அவளே உட்கார்ந்து ஒவ்வொரு காப்ஸ்யூலாக அடைத்தாள். வேண்டாம் என்றவரைக் கெஞ்சிச் சாப்பிட வைத்தாள்.

கண் மஞ்சளானதும் பதறி ஓடி வந்தாள். "உடம்புச் சூடு இறங்குது, இனிமே ரெண்டா குடு" என்றேன்.

வயிறு வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாரா? தெரிஞ்சா காப்பாத்தப் பார்க்கலாம்" என்றார் டாக்டர். தங்கை என் முகத்தைப் பார்த்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்" என்றேன்.

வெளியே வந்ததும் அவளுக்குப் புரிய வைத்தேன். "விஷயம் தெரிஞ்சா ஆம்பள மானம் போயிடும்மா. நிறுத்தினா இதுவரைக்கும் சாப்பிட்டதும் வீண். யாருக்கும் தெரியாம குடு." அவருக்கு விழுங்க முடியவில்லை என்பதால் காப்ஸ்யூலைப் பிரித்து, தேனில் குழைத்து ஊட்டினாள். கடைசியில் அவருக்கு உடம்பெல்லாம் அரிப்பு, சொறிந்து சொறிந்து ரத்தம். பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அவர் கைகளை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம், கொன்றது நான்தான். அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். தான் அவருக்கு ஊட்டியது என்ன என்று தங்கைக்கு இன்னும் தெரியாது. நீங்கள் சொல்லும்போது என்னையும் பக்கத்தில் இருக்க விடுங்கள், இன்ஸ்பெக்டர் சார். சாய்ந்து அழ அவளுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?