நிலம் கொடுத்தவர்

தையல்காரி: உங்ககிட்டயும் வந்தாளா அத்தான்?

தச்சர்: யாரு?

தையல்காரி: தெரியாத மாதிரி கேக்காதீங்க. பள்ளிக்கூடத்து வரலாறு எழுதுறேன்னு ஊரையே சுத்திக்கிட்டிருக்காளே, அந்தப் பொண்ணு.

தச்சர்: லீவு நாள்ல பள்ளிக்கூடத்துல ஜன்னல் மாட்டுறவன எவ தேடி வரப்போறா... உன்கிட்ட என்ன கேட்டா?

தையல்காரி: ஒரே கேள்விதான். நிலம் யார் கொடுத்ததுன்னு.

தச்சர்: ம்... நீ?

தையல்காரி: எங்க மாமனார்னு சொன்னேன்.

தச்சர்: உங்க மாமனாரா? அவர் பக்கத்து வீட்டுக்கு ஏணியக்கூட இரவல் தர மாட்டாரே.

தையல்காரி: யார் கேட்டாலும் ஆளுக்கு ஒரு பேர் சொல்லணும்னு ஊர்ல பேசி வச்சது நீங்கதானே. எனக்கு மிச்சம் இருந்த பேர் அதுதான்.

தச்சர்: சரி சரி. நம்பினாளா?

தையல்காரி: தலையாட்டினா. ஆனா எழுதிக்கவே இல்ல. முதல் வாத்தியார் யாரு, எந்த வருஷம் ஆரம்பிச்சது... ஒண்ணும் கேக்கல. நேரா இங்க வந்து சுவத்த ஒட்டியே நடந்து பாத்தா.

தச்சர்: நடந்தாளா?

தையல்காரி: அளக்குற மாதிரி. நிலத்துக்காரர் வீட்டு ஆளா இருந்தா?

தச்சர்: அவர் ஊர விட்டுப் போய் ஒரு தலைமுறையே ஆச்சு. நாம கட்டினதே அவருக்குத் தெரியாது.

தையல்காரி: தெரிஞ்சு வந்துட்டா, என் பொண்ணு மூணாம் வகுப்போட நிக்க வேண்டியதுதான். அடுத்த பள்ளிக்கூடம் ஆத்துக்கு அந்தப் பக்கம்.

தச்சர்: பதறாத. முன்ன ஒரு புரோக்கர் வந்தாரே, என்ன ஆச்சு? வீட்டுக்கு ஒரு பேரக் கேட்டுத் தலை சுத்தி பஸ் ஏறலயா? இவளும் ஏறுவா.

தையல்காரி: ஏறுற ஆளாத் தெரியல... உஷ். வாசல்ல.

வந்தவள்: உள்ள வரலாமா? தச்சர் ஐயா நீங்கதானே?

தச்சர்: கையில உளியோட நிக்கிறேன், வேற யாரா இருப்பேன். வாம்மா.

வந்தவள்: இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நிலம்...

தச்சர்: எங்க பெரியப்பா கொடுத்தது.

வந்தவள்: நான் இன்னும் கேட்டே முடிக்கல.

தச்சர்: எல்லாரும் கேக்குறதுதானே...

வந்தவள்: மளிகைக் கடைக்காரரும் உங்க பெரியப்பான்னுதான் சொன்னார்.

தையல்காரி: போச்சு.

தச்சர்: அவனா? அவன் அவங்க பாட்டின்னு இல்ல சொல்லணும்.

வந்தவள்: சொல்லணுமா?

தையல்காரி: அத்தான், நீங்க ஜன்னலப் பாருங்க.

வந்தவள்: பரவாயில்ல. ரெண்டு பேர் ஒரே பேரச் சொன்னது இப்போதான். நாளைக்கு என்கூட நில ஆபீசுக்கு வந்து, இது எங்க பெரியப்பா நிலம்னு சொல்றீங்களா?

தச்சர்: ஆபீசுக்கா... எனக்கு முட்டி வலிம்மா.

வந்தவள்: இப்போதான் ஏணியில நின்னீங்க.

தையல்காரி: யாரும்மா நீ? வரலாறு எழுதுறவளுக்கு ஆபீசுல என்ன வேலை?

வந்தவள்: நான் வரலாறு எழுத வரல அக்கா... இந்த இடம் எங்க அப்பாவோடது.

தையல்காரி: நான் சொன்னேனா இல்லயா? மூஞ்சியப் பாத்தப்பவே தோணுச்சு.

வந்தவள்: அப்பா போன மாசம் தவறிட்டார். இந்த இடம் எனக்குன்னு சொல்லிட்டுப் போனார். இங்க பள்ளிக்கூடம் நடக்குதுன்னு கேள்விப்பட்டு, அது பேர்லயே எழுதிக் கொடுக்கலாம்னு வந்தேன்.

தையல்காரி: கொடுக்க வந்தவ எதுக்குப் பொய் சொன்ன?

வந்தவள்: உண்மையச் சொல்லியிருந்தா உள்ள விட்டிருப்பீங்களா?

தச்சர்: ...மாட்டோம்.

வந்தவள்: அப்பாவுக்கு இந்தப் பக்கம் நிறைய நிலம். இதுல எது என்னோடதுன்னு பழைய ஆள் ஒருத்தர் எல்லையக் காட்டினாத்தான் எழுத முடியும். இல்லன்னா எல்லாம் எங்க அண்ணன் பங்கோட சேந்துடும். அவன் செங்கல் சூளைக்குப் பேசி முடிச்சுட்டான்.

தையல்காரி: வாயத் திறக்காதீங்க அத்தான். இவங்க நிலம்தான்னு நம்ம வாயாலயே சொல்ல வச்சுட்டு, நாளைக்கு நம்மள வெளிய தள்ளுவா.

வந்தவள்: தள்ளலாம்தான். என்னை நம்புங்கன்னு எப்படிச் சொல்றதுன்னு எனக்கே தெரியல.

தச்சர்: உங்க அண்ணன் எப்போ வர்றார்?

வந்தவள்: வர்ற வாரம். அவன் யாரையும் எதுவும் கேக்க மாட்டான். சூளைக்காரரக் கூட்டிக்கிட்டு நேரா வந்து இறங்குவான்.

தையல்காரி: அதுவும் பொய்யா இருந்தா?

தச்சர்: இருக்கட்டும். சொன்னா ஏமாந்தாலும் ஏமாறுவோம். சொல்லலன்னா பள்ளிக்கூடம் போறது நிச்சயம்.

தையல்காரி: உங்களுக்கு என்ன எல்லை தெரியும்? நீங்க பாட்டுக்கு எதையாவது...

தச்சர்: உன்கிட்டகூட சொன்னதில்ல. வாம்மா, வெளிய வா, நாலு மூலையையும் காட்டுறேன். இந்த நிலத்த யாரும் கொடுக்கல. ஊர்க்காரன் எவனும் உள்ள கால் வைக்கக் கூடாதுன்னு உங்க அப்பா என்னைத்தான் வேலி போடச் சொன்னார்... அவர் ஊர விட்டுப் போனதும், வேலிக்குன்னு இறக்கின மரத்துலதான் இந்தக் கூரையப் போட்டேன்.