மூன்று தட்டும் ஒரு சிவப்பு விளக்கும்

தலைமை ஏற்றதோடு தண்ணீர் பாட்டிலையும் தம் பக்கமே இழுத்து வைத்துக்கொண்ட தலைவர் அவர்களே, 'ஐந்து நிமிடம்' என்று துண்டுச் சீட்டு நீட்டவே அவதரித்த செயலாளர் அவர்களே, பேச்சாளர் சங்கப் பெரியோர்களே, கணவர் பேச்சை வீட்டிலும் கேட்டுவிட்டு இங்கும் கேட்க வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் பொறுமைக்கு என் முதல் வணக்கம்.

என் அக்காவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. ஒரு மாதம் இரு கண்ணிலும் கட்டு. "பொழுதே போகலைடா, ஒரு கதை படிச்சு அனுப்பு" என்றாள். தம்பி விடுவேனா? யூஎஸ்பி மைக் வாங்கினேன், கணினியில் செருகினேன். கர்ஜித்தேன், கனிந்தேன், கண்ணீர் வடித்தேன். மூன்று மணி நேரம்.

மறுநாள் போன் வந்தது. "ஒரு சத்தமும் வரலைடா. கண்ணோட காதும் போச்சோன்னு அழுதுட்டேன்." அவையோரே, உடனே மைக்கைச் சோதிக்க உட்கார்ந்தேன்.

கம்பியை மாற்றினேன், செருகும் இடத்தை மாற்றினேன், கணினியை அணைத்து எழுப்பினேன். மீண்டும் படித்தால் மீண்டும் மௌனம். ஆனால் மைக்கில் சிவப்பு விளக்கு சீராக எரிகிறது. சிவப்பு எரிந்தால் பதிவாகிறது என்றுதானே பொருள்? பின்வரிசை ஐயா தலையாட்டுகிறார். நீங்களும் என் கட்சிதான்.

ஆத்திரத்தில் அதன் மண்டையில் ஒன்று போட்டு, "ஊமைக் கழுதை, நான் பேசுறது காதுல விழலையா?" என்று கத்தினேன்.

அடுப்படியிலிருந்து மனைவி வந்தார். "உங்க பேச்சு காதுல விழாம இருக்க எனக்கு நாப்பது வருஷம் ஆச்சு. அது வந்த அன்னிக்கே கத்துக்கிச்சு, கெட்டிக்கார மைக்." பிறகென்ன, அரைமணி நேரம் அனல் பறந்தது.

மருமகள்தான் கண்டுபிடித்தாள். "மாமா, ஆரம்பிக்கும்போது ஏன் அதைத் தலையில மூணு தடவை தட்டுறீங்க? ஒரு தட்டுக்கு வாயை மூடும், இன்னொரு தட்டுக்குத் திறக்கும், மூணாவதுக்கு மறுபடி மூடிக்கும். சிவப்பு எரிஞ்சா மூடியிருக்குன்னு அர்த்தம்."

மைக்கைத் தட்டாமல் வாய் திறந்தவர் நம்மில் எவர்? மேடைப் பழக்கத்தால் என் வாயை நானே பொத்தியிருக்கிறேன்.

தட்டாமல் படித்து அனுப்பினேன். ஆனால் அன்று பதிவை நிறுத்த மறந்திருந்தேன்; ஆத்திரத்தில் போட்ட நான்காவது தட்டில் மைக் திறந்து, எங்கள் சண்டை முழுவதையும் பதிவுசெய்திருந்தது. அதுவும் கதையோடு சேர்ந்து அக்காவுக்குப் போய்விட்டது.

மானம் போயிற்று என்றுதான் போனை எடுத்தேன். "கதை கிடக்கட்டும்டா. உங்க சண்டையை நாலு தடவை கேட்டுட்டேன். உங்க நடுவுல உக்காந்திருந்த மாதிரியே இருந்துச்சு. இன்னும் ரெண்டு சண்டை அனுப்பு."

நாற்பது ஆண்டுகள், எத்தனை மேடைகள், எத்தனை முழக்கங்கள், எத்தனை மாலைகள்! எனக்கு ஒன்ஸ்மோர் கேட்டவள் என் அக்கா ஒருத்திதான். அவள் கேட்ட அந்தப் பேச்சிலும் முக்கால்வாசி என் மனைவி பேசியது. ஆகவே உங்கள் கைதட்டலை மூன்றாம் வரிசையில் முறைத்துக்கொண்டிருக்கும் அவருக்கே தாருங்கள். இதுவரை பொறுத்த உங்களுக்கு நன்றி; அக்காவுக்கு அனுப்ப வேண்டியதை வீட்டுக்குப் போய்த் தொடங்க விடைபெறுகிறேன், வணக்கம்.