பூஜைக்காக அணைத்த கம்ப்யூட்டர்

ஆபீஸில் ஆயுத பூஜைச் சுண்டல் எப்போதும் என் பொறுப்புதான், இன்ஸ்பெக்டர் துவான். போன வருஷம் உப்பு போட மறந்தேன். இந்த வருஷம் இரண்டு தடவை போட்டுவிட்டேன். நான் பதற்றத்தில் இருந்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி. அதையும் திட்டிக்கொண்டே தின்று தீர்த்துவிட்டார்கள்.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர்களை எடுத்து அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. பூஜையன்று காலை எங்கள் கிளார்க் சாந்தமேரிதான் கவனித்தாள். கம்ப்யூட்டர் பதிவில் சிகரெட் கண்டெய்னர் ஒன்று வேறு யாருடைய லோரிக்கோ மாறியிருந்தது. அவளுடைய கம்ப்யூட்டர் மோடம் வழியாகத் தானே எங்கோ போன் போட்டுக்கொண்டிருந்தது. உடனே பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கம்ப்யூட்டர் நிபுணர் கனகலிங்கத்தைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கர் போனில் எல்லோருக்கும் கேட்டது.

"பிள்ளை, நான் வாற வரைக்கும் அதை அணைக்க வேண்டாம். அந்த புரோகிராம் டிஸ்க்கில இல்லை, மெமரியிலதான் ஓடுது. எந்த நம்பருக்குப் பேசுதெண்டு அதிலதான் இருக்கும். கரண்ட் போனா எல்லாம் போச்சு."

அவர் ஃபெடரல் ஹைவே ஜாமில் மாட்டிக்கொண்டார். சாந்தமேரி சாப்பிடக்கூடப் போகாமல் கம்ப்யூட்டர் முன்னால் காவல் இருந்தாள். நான் சந்தனக் கிண்ணத்தோடு போனேன்.

"இத அணைக்கக் கூடாதாம்லா, அண்ணே."

"ஓடுற மெஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாதும்மா. அவங்கவங்க மெஷின அவங்கவங்கதான் அணைக்கணும்."

அவள் மாதா கோயில் பெண். பூஜையில் எது வழக்கம், எது நான் அந்த நிமிஷம் உண்டாக்கியது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அடுத்தவர் சாமியை மதிக்கச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

"ஒரு நிமிஷம்தானே அண்ணே?"

அணைத்தாள். நான் பொட்டு வைத்தேன். அதுவும் கோணல்.

அப்புறம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயா அணைக்கச் சொன்ன?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

ஆதாரத்தை அழித்தாள் என்று நீங்கள் பிடித்துப் போட்ட லாக்கப்பில் இருந்துகொண்டு, "அய்யாவு அண்ணனைக் கேளுங்க, சாமி விஷயத்துல பொய் சொல்ல மாட்டாரு" என்றாளாமே. அதற்குத்தானே என்னை வரச்சொன்னீர்கள்?

அந்த மெமரியில் இருந்தது என் வீட்டு நம்பர். புரோகிராமைப் போட்டவன் நான். லோரி என் மச்சானுடையது. அது சும்மா நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இளகிய மனசு.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சாந்தமேரியிடம் மட்டும் நான்தான் என்று சொல்லிவிடாதீர்கள். என்னை நல்லவன் என்று நம்புகிற பிள்ளை. அது மனசு நொந்தால் என்னால் தாங்க முடியாது, துவான்.